கள்ளச்சந்தை வேப்: புட்டிக்குள் இருப்பது என்ன?

ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிவோருக்கு அசிட் இன்னதென்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் ஸ்டோரில் தனியிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதன் கலன்மீது பெயர் எழுதப்பட்டிருக்கும். நீர் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்பதை அறிந்தவரே அதனைக் கலப்பர். கையில் பட்டால் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும் என்பது தோட்டத்துச் சிறுவருக்கும் தெரியும். அது ஆபத்தான பொருள்தான். எனினும் பெயரும் அளவும் தெரிந்த ஆபத்து. ஆகவேதான் அதனோடு நாம் ஆண்டுக்கணக்கில் பழகி வேலை செய்ய முடிகின்றது.

பெயரும் அளவும் தெரியாத ஒரு திரவத்தைச் சூடாக்கி, மூச்சோடு சேர்த்து நெஞ்சுக்குள் இழுக்கும் பழக்கம் நம் இளைஞரிடையே பரவி வருகின்றது. ‘வேப்’ என்று வழங்கும் மின்சிகரெட்டைப் பற்றியே கூறுகின்றோம். அதிலும் குறிப்பாக, சந்தையின் பின்வாசல் வழியாக, கைமாறிக் கைமாறி வரும் வேப் பற்றியே இக்கட்டுரை ஆராய்கின்றது.

வேப் என்பது யாது?

சீன நாட்டு மருந்தாளுநரான ஹோன் லிக் என்பவர் 2003ஆம் ஆண்டில் இன்றைய மின்சிகரெட்டின் முதல் வடிவத்தை உருவாக்கினார். சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு மாற்றாக அமைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். கருவியின் அமைப்பு எளியது. ஒரு மின்கலம்; அதனால் சூடேறும் ஒரு கம்பிச் சுருள்; அச்சுருளை நனைத்துக்கொண்டிருக்கும் பஞ்சு; பஞ்சு உறிஞ்சும் திரவம். வாயால் இழுத்தவுடன் சுருள் சூடேறுகின்றது. திரவம் நுண்ணிய துளிகளாக மாறி நெஞ்சுக்குள் செல்கின்றது.

“இது வெறும் நீராவிதானே, புகை இல்லையே” என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. வெளிவருவது நீராவியன்று. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரு திரவங்களும், நிக்கோட்டினும், வாசனைப் பொருள்களும் கலந்த துளிமண்டலமே அது. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடேறினால் அக்ரோலீன் என்ற பொருள் உண்டாகின்றது. அடுப்பில் மறந்து வைத்த எண்ணெய்ச் சட்டி புகையும்போது கண்ணிலும் தொண்டையிலும் ஏறும் அந்தக் காரம் பெரிதும் அக்ரோலீனால் வருவதே. பார்மால்டிஹைடும் அவ்வாறே சூட்டினால் பிறக்கின்றது. பிணங்கள் கெடாமல் வைப்பதற்குப் பயன்படும் கரைசல் இதிலிருந்தே செய்யப்படுகின்றது. மலிவான கம்பிச் சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களும் துளிகளோடு கலப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி நிக்கோட்டினின் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிகரெட்டைப் புகைப்பவரின் உடலுக்குள் சேர்வது ஏறக்குறைய 1 மில்லிகிராம் நிக்கோட்டின். வேப் திரவத்தில் ‘5 விழுக்காடு’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் உள்ளதென்று பொருள். 10 மில்லிலிட்டர் கொண்ட ஒரு வேப்பில் 500 மில்லிகிராம். இழுக்கப்படும் நிக்கோட்டின் முழுவதும் உடலில் தங்குவதில்லை என்றே கொண்டாலும், பல பெட்டிச் சிகரெட்டுகளுக்கு ஈடான நிக்கோட்டின் ஒரு சிறு கருவிக்குள் அடங்கியிருக்கின்றது என்பது வெளிப்படை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2016ஆம் ஆண்டு முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருத்தல் ஆகாது என்று விதித்துள்ளனர். கள்ளச்சந்தைப் புட்டிக்கு அத்தகைய வரம்பு எதுவும் கிடையாது. அதன்மேல் எழுதியுள்ள எண்ணும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இழுத்த நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைச் சென்றடைகின்றது. இளம் பருவத்து மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், அப்பருவத்தில் பற்றும் அடிமைத்தனம் எளிதில் விடாது. காலையில் கண் விழித்ததும் முதற்காரியமாக வேப்பைத் தேடும் இளைஞனைக் கண்டால், அவன் சோம்பேறி என்றோ சொல் கேளாதவன் என்றோ முடிவு கட்டிவிடலாகாது. அவன் உடல் அதைக் கேட்கின்றது.

சட்டமும் சந்தையும்

நம் நாட்டில் ‘பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024’, அதாவது சட்டம் 852, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தோருக்குச் சிகரெட்டையோ வேப்பையோ விற்றல் குற்றம். தானியங்கி இயந்திரங்களிலும் இணையத்திலும் விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. விற்கப்படும் பொருள் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இதற்கு முன்பே ஜொகூர் மாநிலம் 2016ஆம் ஆண்டு முதல் தன் எல்லைக்குள் வேப் விற்பனையைத் தடை செய்திருந்தது. திரங்கானு 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தடை செய்தது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வேப்பைக் கைவசம் வைத்திருப்பதே குற்றமாயிற்று.

பதிவு பெறாத பொருள், தடையுள்ள மாநிலத்தில் ஒளித்து விற்கும் பொருள், பள்ளி மாணவனுக்குத் தோழன் வழியாக வரும் பொருள், கைத்தொலைபேசிச் செய்தி மூலம் பேசி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தரப்படும் பொருள் ஆகிய யாவும் கள்ளச்சந்தையைச் சேர்ந்தவையே. விலை மலிவு, வாசனை இனிது, பெட்டியோ வெகு நேர்த்தி. பேனாவைப் போலவும், விளையாட்டுப் பொம்மையைப் போலவும் அமைந்திருப்பதால் பெற்றோர் கண்ணில் பட்டாலும் இன்னதென்று தெரிவதில்லை.

சில நாடுகளின் மருத்துவ அறிஞர்கள், சிகரெட்டைவிட வேப் தீமை குறைந்தது என்று கூறுகின்றனர். நெடுநாள் சிகரெட் புகைத்த முதியவர், பரிசோதிக்கப்பட்ட பொருளுக்கு மாறி, சிகரெட்டை முற்றாக விடுவதைக் கருத்திற்கொண்டு சொல்லப்பட்டது அது. அப்பேச்சை எடுத்து, சிகரெட்டையே தொடாத 15 வயதுச் சிறுவன் கையில் உள்ள பெயர் தெரியாத புட்டிக்குப் பொருத்துவது வியாபாரியின் சாமர்த்தியமே அன்றி மருத்துவமாகாது.

பாலில் நீர் கலந்த கதை

பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலேக் என்னும் கருவி எதற்காக இருக்கின்றது என்பதை நாம் அறிவோம். எடை கூடட்டும் என்று எவரேனும் பாலில் நீரை ஊற்றியிருந்தால், உலர் ரப்பர் எவ்வளவு என்பதை அக்கருவி காட்டிக் கொடுத்துவிடும். கலப்படம் செய்பவனின் எண்ணம் எல்லாத் தொழிலிலும் ஒன்றே: விலை உயர்ந்த பொருளைக் குறைத்து, மலிவான பொருளைச் சேர்த்து, பார்வைக்கு மாற்றம் தெரியாமல் செய்வது. அமெரிக்க நாட்டில் 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கே மெட்ரோலேக் இல்லை என்பதுதான் வேறுபாடு.

அவ்வாண்டின் கோடைக்காலத்தில், நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் இருமலோடும், மூச்சுத் திணறலோடும், வாந்தியோடும், காய்ச்சலோடும் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். நிமோனியா என்று கருதி மருந்து கொடுத்தனர், குணமாகவில்லை. சிலருக்குச் செயற்கை மூச்சுக் கருவி பொருத்த வேண்டியதாயிற்று. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வரை எடுத்த கணக்கின்படி 2,807 பேர் இந்நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தோர் எண்ணிக்கை 68. நோயுற்றோரில் மூவரில் இருவர் ஆண்கள். 15 விழுக்காட்டினர் 18 வயது நிரம்பாதவர்கள். சரிபாதிப் பேர் 24 வயதோ அதற்குக் கீழோ உடையவர்கள். இந்நோய்க்கு ‘எவாலி’ என்று பெயரிட்டனர்.

காரணத்தைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள், நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தனர். 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரலில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய் இருந்தது. நோயில்லாத 99 பேரைச் சோதித்தபோது ஒருவரிடமும் அது இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் கஞ்சாவின் போதைச்சத்து அடங்கிய வேப்பைப் பயன்படுத்தியவர்கள்; அதனையும் அவர்கள் பெரும்பாலும் கடையில் வாங்கவில்லை, நண்பரிடமும் தெரு வியாபாரியிடமும் வாங்கியிருந்தனர்.

வைட்டமின் ஈ அசிட்டேட் ஏன் அங்கு வந்தது? கஞ்சா எண்ணெய் விலை உயர்ந்தது, கெட்டியானது. வாங்குவோர் குப்பியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். உள்ளிருக்கும் காற்றுக் குமிழி மெதுவாக மேலேறினால் சரக்கு நல்லது என்று கொள்வார்கள். சாதாரண திரவத்தைக் கலந்தால் எண்ணெய் நீர்த்துப்போய்க் குமிழி விரைந்து ஏறிவிடும், திருட்டு வெளிப்பட்டுவிடும். வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்தாலோ எண்ணெயின் கெட்டித்தன்மை குறைவதில்லை, நிறமும் மாறுவதில்லை. குமிழி மெதுவாகவே ஏறும். வாங்குவோன் செய்த ஒரே சோதனையையும் ஏமாற்றுவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் அது.

இதில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வைட்டமின் ஈ அசிட்டேட் நஞ்சென்று பெயர் பெற்ற பொருளன்று. முகத்தில் பூசும் களிம்பில் அது இருக்கின்றது. சத்து மாத்திரையாக விழுங்கவும் படுகின்றது. தோலுக்கும் வயிற்றுக்கும் தீங்கு செய்யாத அதே பொருள் நுரையீரலின் நுண்ணறைகளை மூடாமல் காக்கும் மெல்லிய படலத்தைக் கெடுத்துவிடுகின்றது. நம் உடலில் நுரையீரலின் உட்பரப்பை விரித்து வைத்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது ஒரு பூப்பந்தாட்டக் களத்தின் அளவுக்கு நெருங்கி வரும். வயிற்றுக்குக் கேடான பொருள் போனால் வாந்தியாக வெளியேறலாம். கல்லீரல் ஓரளவு நஞ்சை முறிக்கலாம். மூச்சோடு போன பொருள் அக்காவலைக் கடக்க வேண்டியதில்லை. நேரே இரத்தத்தோடு கலந்துவிடுகின்றது.

அந்நோயாளிகளில் பலர் பயன்படுத்திய ஒரு சரக்கின் பெட்டியில் ‘டாங்க் வேப்ஸ்’ என்ற பெயர் இருந்தது. அப்பெயரில் மையமான உற்பத்தியாளர் எவரும் இருப்பதாக அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. அச்சிட்ட வெற்றுப் பெட்டிகள் இணையத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர் தம் விருப்பப்படி எதையும் நிரப்பி விற்றனர். ஒரே பெயர், ஒரே படம். பெட்டிக்குப் பெட்டி உள்ளே வேறு சரக்கு. “போன மாதமும் இதைத்தானே இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று கூறுவோர் இதனைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். போன மாதம் இழுத்தது வேறொன்றாக இருந்திருக்கலாம்.

தின்னத் தகுந்ததும் மூச்சுக்கு ஆகாதது

மாம்பழம், திராட்சை, பால், வெண்ணெய் என்று எத்தனையோ வாசனைகளில் வேப் கிடைக்கின்றது. “சாப்பாட்டுப் பொருளில் போடும் வாசனைதான்” என்று விற்பவர் உறுதி கூறுவார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் பயனில்லை என்பதைத் தொழிலாளர்களே தம் உயிரைக் கொடுத்து உலகிற்கு உணர்த்தினார்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முன்பு வேலை செய்த எட்டுப் பேருக்கு அரிய நுரையீரல் நோய் கண்டிருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டுவிடும் நோய் அது. அடைபட்ட குழல் மீண்டும் திறப்பதில்லை. பொரிக்கு வெண்ணெய் மணம் ஊட்டுவதற்காகக் கலந்த டையசெட்டில் என்ற பொருளின் ஆவியே காரணமென ஆய்வாளர்கள் கண்டனர். பொரியைத் தின்ற கோடிக்கணக்கான மக்களுக்கு அதனால் இந்நோய் வரவில்லை. கலவைத் தொட்டியருகே நின்று அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளிக்கு வந்தது. உணவில் சேர்க்கலாம் என்ற அனுமதி மூச்சில் சேர்க்கலாம் என்ற அனுமதியாகாது. 2015ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 51 வகை வேப் வாசனைகளைச் சோதித்தபோது அவற்றுள் 39இல் டையசெட்டில் இருந்தது. (சிகரெட் புகையிலும் டையசெட்டில் உண்டு, ஆதலால் சிகரெட்டுக்குத் திரும்பிச் செல்வதும் விடையாகாது.)

மூலப்பொருளின் தூய்மையும் கவலைக்குரியதே. புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் கிளிசரினுக்கும் நெருங்கிய உறவினன் போன்றது டைஎத்திலீன் கிளைக்கால். பார்வைக்கும் சுவைக்கும் வேறுபாடு தெரியாது; ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இது கலந்த மருந்தைக் குடித்து மாண்டனர். 2022ஆம் ஆண்டில் காம்பியா நாட்டில் இது கலந்த இருமல் மருந்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட நோயால் பல குழந்தைகள் இறந்தனர். மருந்துத் தொழிற்சாலைகளிலேயே இப்பிழை நிகழ்கின்றதென்றால், வாடகை வீட்டின் சமையலறையில் வாளியும் ஊசிக்குழாயும் வைத்துக் கலப்பவனிடம் எதை எதிர்பார்ப்பது? அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தினர் 2009ஆம் ஆண்டில் சோதித்த 18 மின்சிகரெட்டுக் குப்பிகளில் ஒன்றில் இந்நஞ்சு இருந்தது.

அறுவைக் கூடத்து மருந்து தெருவுக்கு வந்தது

அண்மைக் காலத்தில் வந்துள்ள ஆபத்து முன்னதினும் கொடியது. எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கமுறச் செய்வதற்காக இரத்தக் குழாயில் செலுத்தப்படும் மருந்து. அதனைச் செலுத்தும்போது மயக்க மருத்துவர் அருகிலேயே இருப்பார். மூச்சும் நாடியும் விநாடிதோறும் கவனிக்கப்படும். இம்மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்கத் தொடங்கிவிட்டனர். சிங்கப்பூரில் இது ‘கேப்பாட்’ என்று வழங்குகின்றது. 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிகாரிகள் தாங்கள் பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட வேப்புகளைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாக அறிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு அது அங்கே போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனை நாட்டுக்குள் கொண்டுவருவோருக்கு 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அக்கரைக்கு வேலைக்குப் போய் வரும் பிள்ளைகள் நம்மில் பலருக்கு உண்டு. நண்பன் கொடுத்தான் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாலம் கடப்பவன், தன் வேலையை மட்டுமன்றி வாழ்வையே பணயம் வைக்கின்றான்.

எட்டோமிடேட்டை இழுத்தவர் தள்ளாடுவார், கைகால் தம் வசமின்றி வெட்டி இழுக்கும், பேச்சுக் குழறும், நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார். இவை கண்ணுக்குத் தெரியும் தீங்குகள். தெரியாத தீங்கு ஒன்று உண்டு. சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றது. நோயையும் காயத்தையும் உடல் தாங்கி நிற்பது இதன் துணையாலேயே. எட்டோமிடேட் இச்சுரப்பை நிறுத்திவிடுகின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இம்மருந்தைத் தொடர்ந்து ஏற்றியபோது நோயாளிகளின் மரணம் கூடியதை பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1983ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அதன்பின் தொடர்ந்து ஏற்றும் வழக்கம் கைவிடப்பட்டது. மருத்துவமனையே அஞ்சி நிறுத்திய ஒன்றை, நாள்தோறும் பலமுறை, அளவின்றி நெஞ்சுக்குள் இழுப்பவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். சாதாரணக் காய்ச்சலோ சிறு விபத்தோ அவன் உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும்.

எட்டோமிடேட் மட்டுமன்று. செயற்கைக் கஞ்சா என்று வழங்கும் ஆய்வுக்கூடப் போதைப்பொருள்களும் வேப் திரவத்தில் கலக்கப்படுகின்றன. நம் நாட்டுக் காவல்துறையினர் இத்தகைய திரவம் கலக்கும் இடங்களைப் பலமுறை சோதனையிட்டு மூடியுள்ளனர். இங்கிலாந்தில் 38 பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து கைப்பற்றிய வேப்புகளை பாத் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஆறில் ஒன்றில் செயற்கைக் கஞ்சா இருந்தது. வலிப்பு, நெஞ்சுத் துடிப்பு, சித்தப்பிரமை ஆகியன இதனால் வருவன. இருள் பிரியுமுன் சரிவான நிரையில் தனியாக மரம் வெட்டுபவருக்கும், ரப்பர்ச் சீட்டு உருட்டும் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும், தோட்டத்து லோரி ஓட்டுபவருக்கும் ஒரு நிமிட மயக்கம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

வீட்டில் இருக்கும் சிறு குழந்தை

களைக்கொல்லியை ஒருபோதும் சர்பத் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள் என்று தோட்டங்களில் நெடுங்காலமாக அறிவுறுத்தி வந்துள்ளோம். பாராகுவாட் நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் அது குடித்த உயிர்களில் சில, குடிநீர் என்று தவறாக எண்ணிப் போனவை. இப்போது வேப் திரவம் தொடக்கத்திலேயே பழவாசனையோடும் பளபளக்கும் வண்ணப் படத்தோடும் வருகின்றது. தவழும் குழந்தைக்கு அது மிட்டாய். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டின் திரவத்தை அருந்தி இறந்தது. அதன்பின் அமெரிக்காவில் இப்புட்டிகளுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வேண்டுமென்று சட்டம் செய்தனர். கள்ளச்சந்தைப் புட்டிக்கு அந்த மூடியும் இல்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் ஊறும். கையில் கொட்டிக்கொண்டாலும் ஆபத்தே.

திரவத்தை விழுங்கிய குழந்தை முதலில் எச்சில் வடிக்கும், வாந்தியெடுக்கும், முகம் வெளுக்கும், வியர்க்கும். சிறிது நேரத்தில் துவண்டுவிடும், வலிப்பும் வரலாம். விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. பால், மோர், உப்புநீர் என்று எதனையும் புகட்டுதலும் கூடாது. வாயைத் துடைத்து, தோலிலும் துணியிலும் பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்பும் நீரும் இட்டுக் கழுவி, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி கிடைக்கவில்லையெனில் 999ஐ அழைக்க வேண்டும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

மின்கலத்தைப் பற்றி ஒரு சொல். நெற்றியில் கட்டும் விளக்கில் உள்ளது போன்ற லித்தியம் மின்கலமே மலிவு வேப்பிலும் உள்ளது. ஆனால் காவல் அமைப்பு எதுவும் இல்லாமல். சில்லறைக் காசோடும் சாவியோடும் காற்சட்டைப் பையில் கிடந்து தீப்பற்றித் தொடை வெந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. படுக்கையில் வைத்து மின்னேற்றுதல் வேண்டாம்.

மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

எவாலி நோயால் துன்புற்றோரைப் பற்றிய அறிக்கைகளைப் படிக்கும்போது உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பலர் முதல் முறை சென்றபோது நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. சளிக்காய்ச்சல் என்றும் வயிற்றுக் கோளாறு என்றும் மருந்து பெற்றுத் திரும்பினர். சில நாள் கழித்து மூச்சின்றி மீண்டும் வந்தனர். எக்ஸ்ரே படம் பார்ப்பதற்கு நிமோனியா போலவே இருக்கும். வேப் இழுத்தான் என்று எவரேனும் சொன்னாலொழிய மருத்துவருக்கு அவ்வையம் எழ வழியில்லை. காலத்தில் தெரிந்தால் ஸ்டீராய்டு வகை மருந்து பலருக்குக் கைகொடுத்தது.

சொல்லாமைக்குக் காரணம் அச்சமே. மகன் தந்தைக்கு அஞ்சுகின்றான். தந்தை காவல்துறைக்கும் ஊராருக்கும் அஞ்சுகின்றார். மருத்துவமனை வாயிலில் வைத்துக் கருவியைக் காட்டுப் புதரில் எறிந்துவிட்டு உள்ளே செல்வோரும் உளர். எறியப்படுவது வெறும் கருவியன்று. மருத்துவர் நோயை அறிவதற்கான ஒரே தடயம். சிங்கப்பூர் அரசாங்கம் 2025ஆம் ஆண்டில், தாமாக முன்வந்து உதவி கேட்போர் மீது தண்டனை நடவடிக்கை எடுக்கப்படாது என்று அறிவித்தது இவ்வச்சத்தை நன்கு உணர்ந்தே.

ஆகவே பெற்றோரின் முதற்கேள்வி “யார் கொடுத்தான்?” என்பதாக இருத்தல் ஆகாது. அடித்துக் கேட்டால் அடுத்த முறை மறைக்கக் கற்றுக்கொள்வானே தவிர நிறுத்தக் கற்றுக்கொள்ள மாட்டான். “தம்பி, எப்போது இழுத்தாய்? நெஞ்சு எப்படி இருக்கிறது?” என்று கேட்பதே முறை. விட விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதற்கான ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. வேப்பை விட விரும்புவோரும் அங்குச் செல்லலாம். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் தலைவலியும் இருக்கும். அவ்வேளையில் வீட்டார் சற்றே பொறுமை காட்டினால் அதுவே பாதி மருந்து.

வேப் இழுக்கும் ஒருவருக்கு மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, நிற்காத இருமலோ, அதனோடு சேர்ந்த காய்ச்சலும் வாந்தியுமோ கண்டால் மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிப்போ மயக்கமோ கண்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒன்றும் இடாமல், உதவிக்கு ஆளனுப்புங்கள். மருத்துவமனைக்குப் புறப்படும்போது மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்பொழுது இழுத்தார், எத்தனை நாளாக இழுத்து வருகின்றார், எந்தப் புட்டியிலிருந்து. கருவியையும் மிஞ்சிய திரவத்தையும் கழுவாமல், மூடியோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் சென்று மருத்துவரின் கையிலேயே கொடுங்கள்.